முழு வட்டம் வாங்கிய கார்

ஹியூபர்ட் என்பது அவர் பெயர். பத்தாங் பெர்ஜுந்தைக்கும் ஈஜோக்கிற்கும் இடையே இருந்த சுங்கை கெலாட் இரப்பர்த் தோட்டத்தில் அவர் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராகப் பணியாற்றிவந்தார். அலுவலகப் படியேறுமுன் காலணியைப் புல்லில் துடைப்பதும், எந்தத் தாளையும் இருமுறை வாசித்த பின்னரே கையொப்பமிடுவதும், ஞாயிறு பூசைக்கு மணியடிக்குமுன்னரே கோயிலுக்குள் சென்று அமர்ந்துவிடுவதும் அவருடைய வழக்கங்கள். இவற்றினும் மேலாக இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. அச்சில் மதிப்பீடு வராத எந்தப் பொருளையும் அவர் விலைகொடுத்து வாங்கமாட்டார்.

தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்புக்கு இங்கிலாந்திலிருந்து நுகர்வோர் சஞ்சிகை ஒன்று மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது. துரைமார் வாசித்து முடித்துக் காப்பிக் கறையுடன் ஒதுக்கிய இதழ்கள் ஹியூபர்ட்டின் கைக்கு வந்து சேரும். இஸ்திரிப் பெட்டி, வானொலி, தையல் இயந்திரம் முதலிய எல்லாவற்றுக்கும் அதில் மதிப்பீடு உண்டு. கார்களுக்கென்று ஆண்டுக்கொரு தனி இதழே வரும். ஒவ்வொரு கார் வகையின் பெயருக்கு எதிரேயும் ஒரு வட்டம் அச்சிடப்பட்டிருக்கும். வட்டம் முழுதும் கறுப்பு நிரம்பியிருந்தால் நம்பத் தகுந்த வண்டி. பாதி நிரம்பியிருந்தால் நடுத்தரம். உள்ளே ஒன்றுமே இல்லையாயின் அதை வாங்காதிருத்தல் நலம். அவ்வகைக் காரை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரைக் கேட்டறிந்தே அவ்வட்டங்கள் இடப்படுவதாகச் சஞ்சிகை கூறியது.

அவ்வட்டங்களின்மேல் ஹியூபர்ட்டுக்கு இருந்த நம்பிக்கை மெல்ல மெல்லத் தோட்டம் முழுவதற்கும் தொற்றிக்கொண்டது. மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவர் முதலில் கடைக்குப் போவதில்லை; கிராணியார் வீட்டு வாசலுக்கு வந்து, "என்னா வட்டம் போட்டிருக்கான், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நிற்பார்.

இங்ஙனம் ஊருக்கெல்லாம் வட்டம் பார்த்துச் சொன்னவருக்கு வாய்த்த வண்டியோ வெறுவட்டம். தாயகம் திரும்பிய உதவித் துரை ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய நீல நிற வண்டி அது. பின்புறம் அகன்ற கதவுடைய நீண்ட வண்டி. வாங்கியபோது அவ்வகைக்கு மதிப்பீடு வந்திருக்கவில்லை. துரை ஓட்டிய வண்டியாதலின் குறையிராது என்றெண்ணி, தம் வழக்கத்தை அந்த ஒருமுறை தளர்த்திவிட்டார். மறு ஆண்டு இதழ் வந்தது. கார்களைப் பட்டியலிட்ட பக்கத்தில் உள்ளே ஒன்றுமில்லாத வட்டம் அவருடைய வண்டிக்கு மட்டுமே இடப்பட்டிருந்தது.

அச்செய்தி எவ்வாறோ தொழிலாளர் குடியிருந்த லயங்கள்வரை சென்றுவிட்டது. பால்வெட்டு ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஐயாவு, ஹியூபர்ட்டின் பக்கத்து வீட்டுக்காரர். கேலி பேசுவதில் வல்லவர்.

"என்னா கிராணியாரே, வெறுவட்டம் இன்னைக்கு எந்திரிச்சிருச்சா? இல்ல, தள்ள ஆள் அனுப்பவா?"

"எந்திரிச்சிருச்சு, எந்திரிச்சிருச்சு. நீங்க ஒங்க ஆளுங்களை எழுப்புங்க, மண்டோர்."

வாய் இவ்வாறு கூறினும் மனம் நொந்தது. அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் பிற்பகலில் ஹியூபர்ட் நீல வண்டியின் பானெட்டைத் திறந்து, கைவிளக்குடன் அதனுள் குனிந்துவிடுவார். எண்ணெயின் அளவு, தண்ணீரின் அளவு, மின்விசிறியைச் சுழற்றும் பெல்ட்டின் இறுக்கம், குழாய்களின் வாய் ஆகிய அனைத்தையும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் காய்ச்சற்காரரைப் பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இந்த நம்பிக்கையின்மையினாலோ என்னவோ, அவ்வண்டி அவரை எங்கும் வழியில் விட்டதில்லை. ஆயினும் அதை அவர் வண்டியின் நற்குணமாகக் கொள்ளவில்லை. இனி வரப்போகும் கேடு சற்றுத் தாமதிக்கிறது என்றே கொண்டார்.

இவ்வாறிருக்க, அவருடைய மனைவி ஃப்ளோரா இரண்டாம் முறை கருவுற்றார். மூத்தவள் லில்லியன், வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட குழந்தை. ஆதலின் இம்முறையும் அறுவை செய்தே ஆகவேண்டும் என்றும், கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்றுவிட வேண்டும் என்றும் கோலசிலாங்கூர் மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். "நாள் நெருங்கியதும் முன்னதாகவே போய்ப் படுத்துவிடுங்கள். அதற்குமுன் வலி கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பழைய தழும்பு தாங்காது" என்பது அவர் கூற்று.

தழும்பு தாங்காது என்ற அச்சொல் ஹியூபர்ட்டின் நெஞ்சில் தைத்துவிட்டது. தோட்டத்துச் செம்மண் சாலை, ஈஜோக், புக்கிட் ரோத்தான், காப்பார், பின்னர்க் கிள்ளான். அதுவும் ஆண்டிறுதி மழைக்காலம். அவ்வளவு தொலைவையும் ஒரு வெறுவட்டத்தை நம்பியா கடப்பது?

"வண்டிய மாத்தப் போறேன்" என்றார் அவர், ஓரிரவு உணவின்போது.

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது" என்றார் ஃப்ளோரா.

"ஓடுது. ஆனா அதை நம்பக்கூடாதுன்னு ஆயிரக்கணக்கான பேரு சொல்றாங்க, ஃப்ளோரா."

"எங்க, அந்தப் புஸ்தகத்தக் குடுங்க." ஃப்ளோரா கையைத் துடைத்துக்கொண்டு இதழை வாங்கினார். திருமணத்திற்குமுன் கான்வென்ட் பள்ளியில் படித்தவராதலின் ஆங்கிலம் அவருக்குத் தடையில்லை. வட்டத்தை விடுத்து, அதன்கீழ் நெருக்கி அச்சிட்டிருந்த சிற்றெழுத்துகளை விரல்வைத்து வாசித்தார். சற்று நேரத்தில் அவர் தோள்கள் குலுங்கின.

"என்ன சிரிப்பு?"

"இதப் படிச்சீங்களா? பனிக்காலத்துல காலையில ஸ்டார்ட் ஆவாதாம். பனி உருக ரோட்டுல உப்புப் போடுவாங்களாம், அதுல அடித்தகடு துரு புடிக்குதாம். அப்புறம் உள்ள குளிருக்குச் சூடு குடுக்கிற ஹீட்டர் அடிக்கடி கெட்டுப்போவுதாம். அதுக்கெல்லாம் மார்க்கக் குறைச்சிருக்கான். ஏங்க, பத்தாங் பெர்ஜுந்தையில யாருக்கு லா ஹீட்டர் வேணும்?"

"கடைசியா ஒண்ணு இருக்கு. அதப் படி."

"எஞ்சினுக்குப் போற தண்ணிக் குழாய், வாய்ப்பக்கம் வெடிக்குது."

"அது இங்கயும் வெடிக்கும்ல?"

"வெடிக்கும். அதான் நீங்க வாராவாரம் பாக்குறீங்களே."

சிற்றெழுத்துகளை ஹியூபர்ட்டும் வாசித்திருந்தார்; தண்ணீர்க்குழாயை மாற்றியுமிருந்தார். எனினும், வெறுமையாய்க் கிடந்த அவ்வட்டமே அவர் கண்முன் நின்றது.

கோலசிலாங்கூர்க் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்திவந்த சீனி முகம்மது அவருக்கு நெடுநாள் நண்பர். மூன்றாண்டுகளுக்குமுன் ஹியூபர்ட் வட்டம் பார்த்துக் கூறிய வெள்ளைக் காரைத்தான் சீனி முகம்மது வாங்கியிருந்தார். அவ்வாண்டும், அதற்கடுத்த ஆண்டுகளிலும் முழு வட்டம் பெற்ற வகை அது. இப்போது அவருக்குக் கலியாண வீடுகளுக்கும் கந்தூரிகளுக்கும் சமைத்துக் கொடுக்கும் வேலை பெருகிவிட்டது. அழகிய அந்தக் காரில் பிரியாணி அண்டா ஏறவில்லை. ஹியூபர்ட்டின் நீண்ட வண்டியின்மேல் அவர் கண்வைத்துச் சில மாதங்கள் ஆயிருந்தன.

மறுநாளே ஹியூபர்ட் அவர் கடைக்குச் சென்றார். தே தாரிக் எனும் நுரைத் தேநீர்க் குவளையை முன்னே வைத்துவிட்டுச் சீனி முகம்மது எதிரே அமர்ந்தார்.

"பாய், ஒரு விஷயம் சொல்லிடறேன். என் வண்டி வெறுவட்டம். தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"கிராணியாரே, ஒங்க வட்டத்துல அண்டா ஏறுமா ஏறாதான்னு போட்டிருக்கானா?"

"இல்ல."

"அப்ப எனக்கு அது வேணாம். பின்கதவத் தொறந்தா ரெண்டு அண்டா படுத்துக்கும். எனக்கு அதான் முழு வட்டம்." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் கடையிலேருந்து பந்தல் வரைக்கும் போறவன். நின்னா தள்ளிக்கிட்டுப் போவேன். நீங்க தங்கச்சிய வச்சிக்கிட்டு கிள்ளான் போகணும். எடுத்துக்கங்க என் கார. அதப்பத்தி ஒரு வார்த்த சொல்லவா? மூணு வருஷமா பானெட்டத் தொறந்ததே இல்ல!"

"நெசமாவா?"

"அல்லாமேல ஆணை. எண்ணெய் மாத்துற நேரத்துல கார் ரிப்பேர் பாக்குற பெங்கெல்காரன் தொறப்பான், அவ்வளவுதான். அவன்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், இது முழு வட்டம், வேற எதையும் நோண்டாதே, இருக்கிறதக் கெடுக்காதேன்னு."

இவ்விடத்தில் அவ்வட்டாரத்து நாகரிகம் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். அந்நியரிடம் வண்டி வாங்குபவர் பானெட்டைத் திறப்பார், அடியில் படுத்துப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். நண்பரிடம் வாங்குபவர் அவ்வாறு செய்யார். கொடுப்பவர் கண்ணெதிரே பானெட்டைத் திறந்து பார்ப்பது, அவர் பரிமாறிய சோற்றை மோந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் ஹியூபர்ட் வெள்ளைக் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்; கதவைத் திறந்து மூடினார்; அதன் ஓசை நன்றாயிருந்தது என்று பாராட்டினார். சனிக்கிழமைதோறும் குழாயும் பெல்ட்டும் தடவிய அவர் கைகள் அன்று முதுகுக்குப்பின் கட்டுண்டிருந்தன. வண்டிகளை மாற்றிக்கொள்வது என்றும், மேலே கொடுக்க வேண்டிய பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர்.

ஃப்ளோரா செய்தியைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறினார்.

"மாத்திக்கங்க. ஆனா நான் பிள்ளையப் பெத்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் நீல வண்டியும் இங்கயே நிக்கணும்."

"ரெண்டு வண்டி எதுக்கு? பாய் என்ன நெனைப்பாரு?"

"பாய்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவ்வாறே சீனி முகம்மது வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தபோது, ஃப்ளோரா அவரிடம் கேட்டுவிட்டார். அவர் சற்றும் தயங்கவில்லை. "தங்கச்சி சொன்னா சரிதான். அண்டா எங்கயும் ஓடிப்போவாது" என்று கூறிவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பினார்.

அடுத்த சில நாள்கள் ஹியூபர்ட்டின் வாழ்வில் மிக இலேசானவை. நெடுநாள் சுமந்த சுமையை இறக்கி வைத்தவர்போல் அவர் நடந்தார். சனிக்கிழமை வந்தது. அவர் வெள்ளைக் காரைக் கழுவி மெழுகு தேய்த்தார். பானெட்டைத் திறக்கவில்லை, திறக்கத் தேவையில்லை என்று எண்ணினார். நீல வண்டி கொட்டகையோரம் சீண்டுவாரின்றி நின்றது. அவ்வொரு சனிக்கிழமை அதன் பானெட்டும் மூடியே கிடந்தது.

ஃப்ளோரா ஆஸ்பத்திரிக்குச் செல்வதாய்க் குறித்திருந்த நாளுக்கு வெகு முன்னரே, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் வலி கண்டது. மருத்துவ வண்டியை அழைக்கலாம் என்றால் அலுவலகத் தொலைபேசி காலைமுதல் ஊமையாகிவிட்டிருந்தது. ஐயாவுவின் மனைவி திலகம் ஓடிவந்து ஃப்ளோராவைத் தாங்கினார். லில்லியன் மறுபக்கத்து வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டாள்.

வெள்ளைக் காரில் ஏறுமுன் ஃப்ளோரா கதவைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். "அதுவும் பின்னால வரட்டும்."

"ஃப்ளோரா, இது முழு வட்டம். இதுல போனா…"

"வரட்டுங்க. மண்டோர் அண்ணே, நீங்க ஓட்டிட்டு வாங்க."

தம் தேர்வின்மேல் மனைவிக்கு நம்பிக்கையில்லை என்பது ஹியூபர்ட்டுக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. ஆனால் வாதிட அது நேரமன்று. ஐயாவு நீல வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டார். "போங்க கிராணியாரே, முழு வட்டம் முன்னால போவட்டும். வெறுவட்டம் வாலாட்டிக்கிட்டுப் பின்னாலயே வரும்."

செம்மண் சாலையின் பள்ளங்களை வெள்ளைக் கார் பூப்போலத் தாண்டியது. ஈஜோக்கைக் கடந்து தார்ச்சாலையில் ஏறியதும் ஹியூபர்ட் பெருமூச்சு விட்டார். பின் இருக்கையில் ஃப்ளோரா கண்மூடித் திலகத்தின் தோளில் சாய்ந்திருந்தார். பின்னே, மழைத்திரையினூடே நீல வண்டியின் விளக்குகள் மங்கலாய்த் தெரிந்தன.

புக்கிட் ரோத்தானை நெருங்குகையில் இருக்கையின்முன் சிவப்பு விளக்கொன்று எரிந்தது. முழு வட்டக் காரில் விளக்கு எரிந்தால் பழுது விளக்கில்தான் இருக்கும் என்று ஹியூபர்ட் முதலில் எண்ணினார். அடுத்து, வெப்பங்காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. பொசுங்கிய இரப்பர் நாற்றம் வந்தது. அவர் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

பானெட்டின் கொக்கி துருவேறி இறுகிக் கிடந்தது. நீல வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்த ஐயாவு, தம் இரு கைகளாலும் பற்றி இழுத்த பின்னரே அது திறந்தது. உள்ளே, மின்விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்ற வேண்டிய பெல்ட் நார்நாராய்ப் பிய்ந்து தொங்கியது.

"செத்த பாம்பு மாதிரி கெடக்கு" என்றார் ஐயாவு. "இதப் பாத்து எத்தன வருசமாச்சோ."

ஹியூபர்ட் பிய்ந்த பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மழைநீர் அவர் கண்ணாடியில் வழிந்தது. பின்னிருந்து ஃப்ளோராவின் குரல் வந்தது.

"என்னங்க, அங்க என்ன ஜெபமா பண்றீங்க? வந்து என்னத் தூக்குங்க!"

நீல வண்டியின் பின்கதவைத் திறந்தனர். அதன் அகன்ற தளத்தில் திலகம் தாம் கொண்டுவந்திருந்த போர்வைகளை விரித்தார். இருக்கையில் குறுகி அமர்ந்திருந்ததைவிட ஃப்ளோராவுக்கு இவ்விடம் வாகாயிருந்தது, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். "அண்டா மாதிரி ஏத்திட்டாங்க" என்று அவர் முனகியது ஹியூபர்ட்டின் செவியில் விழுந்தது. அவ்வலியிலும் மனைவி கேலி பேசியதைக் கேட்டு அவருக்குச் சற்று உயிர் வந்தது. இம்முறை அவரே ஓட்டினார்.

காப்பாரை அடையுமுன் நீல வண்டியின் முள்ளும் ஏறியது.

பானெட்டைத் திறப்பதற்கு முன்னரே அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சஞ்சிகையின் சிற்றெழுத்துகள், வரிக்கு வரி, அவர் மனத்தில் ஓடின. இறங்கினார். தண்ணீர்க்குழாயின் வாய்ப்பக்கம் ஒரு சிறு பிளவு. அதனூடே வெந்நீர் சீறிக்கொண்டிருந்தது. கருவிப் பெட்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை. கத்தியும் திருப்புளியும் தண்ணீர் டின்னும் எங்கிருக்கும் என்பதைக் கைகளே அறிந்திருந்தன. ஈரச்சாக்கைப் போட்டு வெப்பம் தணியும்வரை பொறுத்தார். பின்னர்க் குழாயைக் கழற்றிப் பிளந்த முனையை அறுத்தெறிந்தார். எஞ்சியதை இழுத்து மீண்டும் மாட்டிக் கவ்வியை இறுக்கினார். ஐயாவு அவர் தலைக்குமேல் குடைபிடித்துக்கொண்டு, வாழ்வில் முதன்முறையாக ஒரு கேலியும் பேசாமல் நின்றார்.

"இதுவும் அந்தப் புஸ்தகத்துல இருக்கா?" என்று உள்ளிருந்து கேட்டார் ஃப்ளோரா.

"இருக்கு."

"அப்பச் சரி. சீக்கிரம் முடிங்க."

டின்னிலிருந்த தண்ணீரை ஊற்றி மூடினார். வண்டி உடனே உயிர்பெற்றது. முள் நடுவிற்கு இறங்கி அங்கேயே நின்றது. கிள்ளான் ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுபடுக்கையுடன் பணியாளர் ஓடிவரும்வரை அது அசையவில்லை.

அன்று மாலை ஒரு தாதி வெளியே வந்து, ஆண் குழந்தை என்றும், தாயும் பிள்ளையும் நலம் என்றும் கூறினார். தழும்பு தாங்கியதா என்று ஹியூபர்ட் கேட்டார். நேரத்தோடு வந்துவிட்டீர்கள், ஒரு குறையுமில்லை என்றார் அவர். ஹியூபர்ட் நடைகூடத்து இருக்கையில் அமர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மீண்டும் அணிந்தார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். ஐயாவு அவர் தோளைத் தட்டிவிட்டு, "காப்பி வாங்கியாறேன்" என்று எழுந்து போனார். திலகம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுது, உடனே அதற்காக வெட்கிச் சிரித்தார். மழை விட்டிருந்தது. பயணிகளுக்குத் துணைநிற்கும் அதிதூதரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதென்று கணவனும் மனைவியும் முன்பே பேசிவைத்திருந்தனர். ஆகவே அவன் ராஃபேல் ஆனான்.

மறுநாள் பார்வை நேரத்தில், அடுக்குச் சட்டியுடன் சீனி முகம்மது வந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. கட்டிலருகே வந்தும் அவர் அமரவில்லை.

"தங்கச்சி, எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஒங்களப் பாக்குறது? என் கார் நடு ரோட்டுல விட்டுருச்சே."

"ஒக்காருங்க பாய். கொழந்த நல்லாருக்கான், நானும் நல்லாருக்கேன். சட்டியில என்னா?"

"கோழிக் கஞ்சி. சுல்தானா வச்சுக் குடுத்தா." சுல்தானா அவர் மனைவி. சீனி முகம்மது ஹியூபர்ட்டின் பக்கம் திரும்பினார். "கிராணியாரே, கார இழுத்துக்கிட்டுப் போயி பெங்கெல்ல காட்டிட்டேன். நீங்க ஒடனே நிறுத்தினதால எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல. பெல்ட்டுதான். வெறும் பெல்ட்டு."

"ஏன் பாய், மூணு வருஷத்துல ஒருதரம்கூடப் பெல்ட்டப் பாக்கலையா?"

சீனி முகம்மதுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்கதானே சொன்னீங்க முழு வட்டம்னு! முழு வட்டத்தப் போயித் தொறந்து தொறந்து பாத்தா, அப்புறம் என்னா முழு வட்டம்? அது சரி, வாங்கினப்ப நீங்க ஏன் தொறந்து பாக்கல?"

"ஒங்க எதிர்ல எப்படித் தொறக்கிறது? மரியாதையா இருக்குமா?"

"நான் ஒங்கள நம்பித் தொறக்கல. நீங்க என்ன நம்பித் தொறக்கல." சீனி முகம்மது கையை விரித்தார். "ரெண்டு பேருமாச் சேந்து அந்த வெள்ளைக்காரன் புஸ்தகத்த நம்பியிருக்கோம்!"

"அந்தப் புஸ்தகத்துல எங்கயாச்சும் பானெட்டத் தொறக்காதேன்னு போட்டிருந்துச்சா?" என்றார் ஃப்ளோரா. சிரிப்பை அடக்கமுடியாமல், தையலிட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டார். "ஐயோ, என்னச் சிரிக்க வைக்காதீங்க, ரெண்டு பேரும்."

ஹியூபர்ட்டும் சிரித்தார். சிரித்தவாறே சன்னலின்வழியே கீழே பார்த்தார். நீல வண்டி மரத்தடியில் நின்றிருந்தது.

சஞ்சிகையை அவரால் குற்றஞ்சாட்ட முடியவில்லை. அது பொய்யுரைக்கவில்லை. கடல்கடந்த நாட்டில் ஆயிரக்கணக்கானோர் தத்தம் வண்டிகளைப் பேணி ஓட்டி, நேர்ந்ததை நேர்ந்தவாறு கூறினர்; அதைக் கூட்டி ஒரு வட்டமாக்கினர். அவ்வட்டத்துள் சீனி முகம்மதுவின் பெல்ட் இல்லை. இந்த மழை இல்லை. நண்பர்முன் பானெட்டைத் திறவாத நாகரிகமும் இல்லை. நீல வண்டியின் குழாய் வெடிக்கும் என்று அது கூறியது, வெடித்தது. அவ்வொரு வரியை வாசித்திருந்தமையால்தான் டின்னும் கத்தியும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. ஆராய்ந்து பார்த்தால், வெறுவட்டம் என்று அஞ்சி அவர் பேணிய வண்டி அவரைக் கொண்டுவந்து சேர்த்தது; முழு வட்டம் என்று நம்பி இருவருமாய்ப் பேணாது விட்ட வண்டி நின்றுவிட்டது. இவ்விரண்டில் எதையும் வட்டத்தின் தலையில் சுமத்துதல் நீதியன்று.

சீனி முகம்மது தொண்டையைக் கனைத்தார். "கிராணியாரே, ஒரு வார்த்த. பேச்சு பேச்சுதான், ஆனா இவ்வளவு நடந்த பொறவு ஒங்கள நான் கட்டாயப்படுத்தமாட்டேன். நீல வண்டிய நீங்களே வச்சிக்கங்க. அதுதானே தங்கச்சியக் கொண்டாந்து சேத்துச்சு. நான் வேற எதுனா பாத்துக்கிறேன்."

ஹியூபர்ட் மனைவியை நோக்கினார். "நீ என்ன சொல்ற?"

ஃப்ளோரா குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "நீலம்னாலும் சரி, வெள்ளன்னாலும் சரி. எதுல நீங்க சனிக்கிழம தலைய விட்டுப் பாக்குறீங்களோ அதுல நான் ஏறுவேன்."

அக்கவலை நீங்கியபின் கணக்கு எளிதாகிவிட்டது. நீல வண்டிக்கு வயது மிகுந்துவிட்டது. அறுத்து மாட்டிய குழாய் இன்னும் எத்துணைக் காலம் தாங்குமோ தெரியாது. வெள்ளைக் காரோ பழுதின்றி இருந்தது. அதற்கு வேண்டியது ஒரு புதிய பெல்ட்டும், அதை அவ்வப்போது தொட்டுப் பார்க்க ஒரு கையுமே. சீனி முகம்மதுவுக்கோ, குழாயை மாற்றிக்கொண்டால், அண்டா ஏறும் வண்டி கடைக்கும் பந்தலுக்கும் இடையே இன்னும் பல கந்தூரி ஓடும்.

"பாய், பேசினபடியே இருக்கட்டும். நீல வண்டிக்குப் புதுக் குழாய் நானே போட்டுத் தர்றேன், எங்க வெடிக்கும்னு காட்டியும் தர்றேன்" என்றார் ஹியூபர்ட். "நாளைக்கு நான் பெங்கெலுக்கு வர்றேன். ஒங்க எதிர்லயே பானெட்டத் தொறந்து எல்லாத்தயும் ஒருதரம் பாப்பேன். நீங்க வருத்தப்படக்கூடாது."

"தொறங்க, தொறங்க. நானே வெளக்குப் புடிக்கிறேன்."

"அப்பச் சரி. பாத்துட்டு, வெள்ளைக் கார நான் எடுத்துக்கிறேன்."